உள்ளே உதிரி, வெளியே சொதசொத: ஒரு கிறிஸ்துமஸ் புட்டிங்கைச் சரிசெய்த மூன்று வாரம்

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை மதியம். இங்கிலாந்தின் லீட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறை. இரண்டு வாரமாக அலமாரியில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் புட்டிங்கை, அதாவது உலர்பழம் நிறைத்துக் கிண்ணத்தில் ஆவியில் அவிக்கும் இனிப்பை, மறுபடி ஒரு மணி நேரம் ஆவியில் சூடாக்கி, கிண்ணத்தின் மேல் தட்டை வைத்துக் கவிழ்த்தேன். கிண்ணத்தைத் தூக்கியதும் குன்று மாதிரி நிற்க வேண்டியது நிற்கவில்லை. அடிப்பக்கம் சேறாகப் பரவியது. மேல்பாதி ஒரு பக்கமாகச் சரிந்து, சரிந்த இடத்திலிருந்து உதிரி உதிரியாகக் கொட்டியது. கடுங்காப்பி நிறத்தில் வரும் என்று காத்திருந்தேன். வந்தது பால் விட்ட தேநீரின் நிறம்.

மறுநாள் சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நாள். அதற்காகச் செய்தது. ஏறக்குறைய முக்கால் கிலோ உலர்பழமும் சர்க்கரையும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரும் தட்டில் இப்படிக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனால் குழப்பியது வேறு ஒன்று. தண்ணீர் அதிகமானால் முழுவதும் குழைய வேண்டும். குறைந்தால் முழுவதும் உதிர வேண்டும். ஒரே புட்டிங் எப்படி வெளியே சொதசொதவென்றும் உள்ளே உதிரியாகவும் இருக்கும்?

செய்முறை எதிர்வீட்டுப் பாட்டியுடையது. 82 வயது, லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா கையால் எழுதிய அட்டை ஒன்றை வைத்திருக்கிறார், எல்லாம் அவுன்ஸ் கணக்கு (ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம்). சிறிய கருந்திராட்சை, சுல்தானா, கிஸ்மிஸ் என்ற மூன்று உலர்திராட்சையும் 5 அவுன்ஸ் வீதம். சூயட் 4, வெள்ளை ரொட்டித் துருவல் 4, மாவு 2, கறுத்த பழுப்புச் சர்க்கரை 6, பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் ஒன்றரை. ஒரு ஆப்பிள், இரண்டு முட்டை, கால் பைண்ட் ஸ்டவுட். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். இங்கிலாந்துப் பைண்ட் 568 மில்லி, ஆகவே கால் பைண்ட் 142. மொத்தம் ஏறக்குறைய 1,240 கிராம் கலவை, இரண்டு பைண்ட் கிண்ணத்தில் மேலே கொஞ்சம் இடம் விட்டு நிறையும்.

சூயட் தெரியாதவர்களுக்கு: மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டியான கொழுப்பு. எங்கள் சர்ச்சில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் இருப்பதால் தாவர எண்ணெயில் செய்து, ஒட்டாமலிருக்க மாவு தூவி விற்கும் சூயட்டை வாங்கினேன். வெண்ணெய் கைச்சூட்டிலேயே உருகிவிடும். சூயட் உருக 45, 50 டிகிரி வேண்டும். அது முழுதாக உருகி முடிவதற்குள் சுற்றியிருக்கும் மாவு இறுகத் தொடங்கிவிடுவதால், உருகிய இடத்தில் சின்னச் சின்னப் பொந்துகள் நிற்கும். இவ்வளவு பழம் அடைத்த பண்டம் கல்லாகாமல் இருப்பதற்கு அந்தப் பொந்துகள்தான் காரணம்.

கலவை போட்டது நவம்பர் 24. அட்வெந்து எனும் கிறிஸ்துமஸ் ஆயத்தக் காலத்துக்கு முந்தின ஞாயிறு. அன்று ஆங்கிலிக்கன் சர்ச்சுகளில் சொல்லும் ஜெபம், எங்கள் மனத்தைக் கிளறிவிடும் என்று கேட்டுத் தொடங்கும். அந்தக் கிளறலைப் பிடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் புட்டிங்கைக் கிளறும் நாளாகவும் அது ஆகிவிட்டது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகளை நினைத்துக் கிழக்கிலிருந்து மேற்காகக் கிளற வேண்டும் என்று பாட்டி சொன்னார். எங்கள் வீட்டில் நான்கு பேரும் கிளறினோம். அதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை எல்லாம் அடுப்பில் ஏற்றிய பிறகு, என் நினைப்பில். நான் நாகர்கோவில்காரன். புட்டும் இட்லியும் தின்று வளர்ந்தவன். ஊரிலிருந்து பெட்டியில் வந்த முதல் சாமான்களில் ஒன்று அம்மா கொடுத்த அலுமினிய இட்லிப் பானை. ஆவியில் அவிப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். அட்டையில் 8 மணி நேரம் என்று இருந்ததை, பழைய கரியடுப்புக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு 4 மணி நேரத்தில் நிறுத்தினேன். குச்சியால் குத்திப் பார்த்தேன், மாவு ஒட்டாமல் சுத்தமாக வந்தது. வெந்துவிட்டது என்று இறக்கினேன்.

சனிக்கிழமை மாலை, கவிழ்ந்து கிடந்ததைக் கத்தியால் குறுக்கே வெட்டினேன். கிண்ணத்தின் வாய்ப்பக்கம்தான் தட்டில் அடிப்பக்கம். அந்த வாயை ஒட்டி மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு வளையமாக ஈரம். நடுவில் தனியாக ஓர் ஈரத் திட்டு. மற்ற இடமெல்லாம் உலர்ந்து உதிரி. சதை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பார்த்து, சூயட் உருகவே இல்லை, பானை சூடேறவில்லை என்று முடிவு கட்டி, ஒரு மாலை முழுக்க அடுப்பைச் சந்தேகப்பட்டேன். இரவு பாட்டி வந்து பார்த்தார். ஒரு துண்டை வெண்ணெயில் போட்டு வதக்கச் சொன்னார். சூடானதும் புள்ளிகள் காணாமல் போயின. உருகிய கொழுப்பு ஆறும்போது திரும்ப உறைந்து வெளுக்கிறது, அவ்வளவுதான். எந்த நல்ல புட்டிங்கையும் ஆறிய பின் வெட்டினால் இப்படித்தான் இருக்குமாம். தேங்காயெண்ணெய் பனிக்காலத்தில் உறைவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

அப்படி வதக்கித் தின்பதும் இங்கே பழைய வழக்கம்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மிச்சப் புட்டிங்கைத் துண்டு போட்டு வெண்ணெயில் பொன்முறுவலாக வறுப்பார்கள். ஈரம் இல்லாத பாகத்தையெல்லாம் நானும் அப்படிச் செய்தேன். ஈரப் பாகத்தைத் தட்டில் பரப்பி 150 டிகிரி ஓவனில் 20 நிமிடம் உலர்த்தி வறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வனிலா ஐஸ்கிரீமோடு வைத்தது, ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

ஞாயிறு இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். புட்டிங் என்றால் என்னவென்று விளக்கவே பத்து நிமிடம் ஆனது. கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "மக்களே, மூடியில ஆவி தங்குனா சொட்டும்லா? நீ மூடிக்குத் துணி கெட்டினியா?"

கட்டவில்லை. பட்டர் பேப்பரும் ஃபாயிலும் போட்டு நூலால் கட்டியிருக்கிறதே, சொட்டினால் என்ன என்று இருந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. இட்லிக்கும் புட்டுக்கும் ஆவி உள்ளே புகுந்து மாவைத் தொட வேண்டும். அந்த ஆவி நேராகப் பட்டுத்தான் மாவு வேகிறது. புட்டிங் நேர் எதிர். அதற்கு வேண்டிய ஈரம் எல்லாம் கலவைக்குள்ளேயே இருக்கிறது. ஆவியின் சூடு மட்டும் கிண்ணத்தின் சுவர் வழியாகப் போக வேண்டும், ஆவியின் தண்ணீர் ஒரு சொட்டும் போகக் கூடாது. நான் தெரிந்துவைத்திருந்த வேலையின் பெயர் ஒன்றாக இருந்தது, வேலை வேறாக இருந்தது.

சரி, தண்ணீர் எந்த வழியாகப் போனது? மூடியிலிருந்து சொட்டியா, பானைத் தண்ணீர் ஏறியா? இரண்டும் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. திங்கட்கிழமை இரவு தேயிலை போட்டுப் பார்த்தேன். பானைத் தண்ணீரில் ஐந்து கரண்டி தேயிலைத் தூளைக் கொதிக்கவிட்டுக் கறுப்பாக்கினேன். தேயிலையின் சாயம் ஆவியாகாது. ஆவி குளிர்ந்து மூடியிலிருந்து விழும் நீர் தெளிந்த நீர். பானையிலிருந்து நேராக ஏறும் நீர் சாயத்தோடு ஏறும். புட்டிங் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, காய்ந்த அரிசி மாவால் நிரப்பி, அன்று போட்ட அதே பட்டர் பேப்பர், அதே ஃபாயில், அதே நூல், தண்ணீரும் அதே அளவு. ஒரு மணி நேரம்.

திறந்தபோது விடை எழுதிவைத்தது போல இருந்தது. வாயோரம் மாவு வளையமாகக் கட்டி, பழுப்பு நிறம். நடுவில் ஒரு சின்னத் திட்டு ஈரம், அது வெள்ளை. இரண்டு வழியாகவும் தண்ணீர் போயிருக்கிறது. திட்டு எங்கே இருந்ததோ வெட்டிய புட்டிங்கிலும் அங்கேதான்.

பழுப்பு வளையத்துக்குக் காரணம் பட்டர் பேப்பர். ஃபாயிலுக்குக் கீழே நான்கு விரற்கடை பாவாடை மாதிரித் தொங்கவிட்டிருந்தேன். நிறைய இருந்தால் பத்திரம் என்று நினைத்தது. நடுவில் தண்ணீர் வற்றிவிடுமோ என்ற பயத்தில் பானையில் தண்ணீரையும் கிண்ணத்தின் முக்கால் உயரத்துக்கு மேல் ஊற்றியிருந்தேன். காகிதத்தின் நுனி தண்ணீரில் நனைந்தது. பிறகு நான்கு மணி நேரமும் அது விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல இழுத்துக்கொண்டே இருந்தது. நூலுக்குக் கீழே தொடங்கி வாய் வரைக்கும் காகிதத்தில் தேயிலைக் கறை ஏறியிருந்ததைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

நடுத்திட்டுக்குக் காரணம் ஃபாயிலை இழுத்துக் கட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நடுவை ஒட்டி ஊசித்துளை இரண்டு. புட்டிங் வேகும்போது உப்பும். உப்ப இடமில்லாததால் மொட மொடவென்று இழுபட்ட ஃபாயில் விரிசல் விட்டிருக்கிறது. ஆறியதும் புட்டிங் அமுங்கியது, ஃபாயிலும் குழிந்தது. மறுபடி ஆவியில் வைத்தபோது மூடியிலிருந்து சொட்டியது குழியில் தேங்கித் துளை வழியாக இறங்கிவிட்டது. அட்டையில் நடுவே ஒரு மடிப்பு வைக்கச் சொல்லியிருந்தது. அலங்காரம் என்று விட்டுவிட்டேன். அலங்காரமே இல்லை. புடவையில் கொசுவம் வைப்பது எதற்கு, கால் வீசி நடக்க. இதிலும் அதே வேலைதான்.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் தேயிலை, திரும்பவும் அரிசி மாவு. இந்த முறை பட்டர் பேப்பரும் ஃபாயிலும் சேர்த்து நடுவில் ஒரு விரற்கடை கொசுவம், கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே சுற்றி இரண்டு சுற்று நூல், நூலுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் விட்டுக் காகிதத்தை நறுக்கி, அதன் நுனியை ஃபாயிலுக்குள் மடித்துச் செருகினேன். தண்ணீர் பாதி உயரம். மூடிக்கு அம்மா சொன்னபடி துணி. ஒரு மணி நேரம் கழித்து மாவு வெள்ளையாகப் பொலபொலவென்று கொட்டியது.

உதிரிப் பிரச்சினை இதைவிட எளிது, ஆனால் பலர் இதில் விழுவார்கள் என்று தோன்றுகிறது. நான் போட்டது பாக்கெட்டில் வரும் காய்ந்த ரொட்டித் தூள், கட்லெட்டுக்குப் புரட்டும் தூள். அட்டையில் இருப்பது முந்தின நாள் ரொட்டியைத் துருவியது. ரொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்த தூளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆக 4 அவுன்ஸுக்கு 4 அவுன்ஸ் மாற்றியதில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ரொட்டி உள்ளே போய்விட்டது. அது ஸ்டவுட்டையும் முட்டையையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பழங்களைப் பிடித்து வைக்க எதுவும் மிஞ்சவில்லை. கலவையைக் கிளறும்போதே கரண்டி நிமிர்ந்து நின்றது, கவனித்தேன், பிறகு மறந்தேன். சரியான கலவை கரண்டியிலிருந்து தானே நழுவி விழும்.

நிறத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, அட்டையில் சொன்ன கறுத்த பழுப்புச் சர்க்கரைக்குப் (இங்கே மஸ்கோவாடோ என்பார்கள்) பதில் தமிழ்க் கடையில் வாங்கிய நாட்டுச் சர்க்கரை போட்டேன். இரண்டும் சொந்தக்காரர்கள் என்றாலும் மஸ்கோவாடோவில் கறுத்த கரும்புப்பாகு ஒட்டியிருக்கும், நிறமும் லேசான கசப்பும் அதிலிருந்து வருகிறது. இன்னொன்று, நேரம். சர்க்கரையும் முட்டை, மாவுப் புரதமும் சூட்டில் சேர்ந்து கறுக்கும் வினை ஓவனின் 180 டிகிரியில் நிமிடங்களில் நடக்கும். ஆவியின் 100 டிகிரியில் மணிக்கணக்கில்தான் நடக்கும். இந்த 8 மணி நேரத்தைத்தான் நான் பழைய காலத்துக் கணக்கு என்று தள்ளியிருந்தேன்.

எவ்வளவு தவறு என்று அளந்தே பார்த்தேன். டிசம்பர் 14, சனி, காலை 8 மணிக்கு இரண்டாவது புட்டிங்கை ஏற்றினேன். இறைச்சிக்குப் பயன்படுத்தும் கம்பி வெப்பமானியை ஃபாயில் வழியாக நடுவில் செருகி, புட்டுக்குடத்தில் ஆவி ஒழுகினால் செய்வது போல, துளையைச் சுற்றிக் கோதுமை மாவை அப்பி அடைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து நடுப்பகுதி 55 டிகிரி. இரண்டு மணி நேரத்தில் 85. 95-ஐத் தொட 2 மணி 50 நிமிடம் ஆனது. அதாவது முதல் முறை நான் நிறுத்திய நான்கு மணி நேரத்தில், நடுப்பகுதி உண்மையில் வெந்த நேரம் ஒரு மணிக்குச் சற்று மேல். குச்சி சுத்தமாக வந்தது பொய்யில்லை, மாவு இறுகிவிட்டது. ஆனால் புட்டிங்குக்கு இறுகுவது பாதி வழிதான். குச்சிச் சோதனையை இதற்கு நம்பவே கூடாது.

8 மணி நேரம் பானையைக் காய விடாமல் பார்ப்பது தனி வேலை. அடியில் தலைகீழாக ஒரு சாஸர், அதன் மேல் கிண்ணம். பானைக்குள் ஒரு கோலிகுண்டு. கொதிக்கும்போது அது குதித்துக் கடகடவென்று சத்தம் போடும். சத்தம் மாறினால் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து போக வேண்டும். ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் கெட்டிலில் கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரை ஊற்றினேன். முதல் முறை குழாய்த் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கொதி அடங்கித் திரும்ப எழ ஐந்தாறு நிமிடம் வீணானது. கூடவே ஒரு எலுமிச்சைத் துண்டு. அலுமினியப் பானை கறுக்காமலிருக்க அம்மா இட்லித் தண்ணீரில் புளிக்கொட்டை அளவு புளி போடுவார், அதே வழி.

மாலை 4 மணிக்கு இறக்கினேன். ஏற்றும் முன் மூடாமல் எடை பார்த்திருந்தேன், இறக்கி உறையைக் கழற்றியும் பார்த்தேன். வித்தியாசம் 6 கிராம். நிறம் முந்திரிப்பழக் கறை மாதிரி அடர் பழுப்பு. ஆறியதும் பழைய காகிதத்தை எறிந்துவிட்டுப் புதிய காய்ந்த காகிதமும் ஃபாயிலும் கட்டினேன். இதையும் முதல் முறை செய்யவில்லை. ஈரக் காகிதத்தோடு வைத்தது இரண்டு வாரத்தில் பூசணம் பிடிக்காமல் தப்பியது, ஸ்டவுட்டும் சர்க்கரையும் செய்த புண்ணியம்.

பட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1927-இல் பிரிட்டிஷ் பேரரசுப் பொருள்களை விற்பதற்காக அரண்மனைச் சமையல்காரரின் புட்டிங் செய்முறையை அரசே அச்சிட்டுப் பரப்பியது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது வர வேண்டிய நாடு. திராட்சைக்கு ஆஸ்திரேலியா, கிராம்புக்கு ஜான்ஸிபார், பட்டைக்கு இலங்கை. இங்கிலாந்தின் பண்டம் என்று நினைக்கும் இதில் இங்கே விளைந்தது மாவு, ரொட்டி, பீர் அளவுதான். நானும் பெரிய கடையின் பட்டைத் தூளை விட்டுவிட்டு, தமிழ்க் கடையில் கிடைக்கும் இலங்கைப் பட்டையை வாங்கிப் பொடித்தேன். தாள் தாளாகச் சுருண்டிருக்கும், தடித்த சீனப் பட்டையின் காரம் இருக்காது. மணத்தில் வித்தியாசம் தெரிந்தது.

டிசம்பர் 25. காலையில் 2 மணி நேரம் மறுபடி ஆவி. இறக்கி உடனே கவிழ்க்காமல் 10 நிமிடம் விட்டேன், கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது அது இளகி நிற்கும். கிண்ணத்தின் அடியில் வட்டமாகப் பட்டர் பேப்பர் போட்டிருந்ததால் ஒட்டவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து பாட்டி வீட்டுக்குப் போனோம்.

பிராந்தி கொளுத்துவது மட்டும் அங்கேயும் ஒரு தடவை தவறியது. பிராந்திப் புட்டி குளிர்ந்த அறையில் இருந்தது. அப்படியே ஊற்றித் தீக்குச்சி வைத்தால் குச்சிதான் அணைந்தது. 40 சதவீத மது ஏறக்குறைய 26 டிகிரிக்கு மேல் போனால்தான் பற்றுமளவுக்கு ஆவி விடும், அந்த அறை 16 டிகிரி. வீட்டுக்கு ஓடித் தாளிப்புக் கரண்டியை எடுத்துவந்தேன். மூன்று மேசைக்கரண்டி பிராந்தியைச் சூடு கை பொறுக்குமளவுக்கு மட்டும் காட்டினேன், கொதித்தால் மது பறந்துவிடும். அடுப்பை அணைத்துப் புட்டியைத் தூர வைத்துவிட்டுக் கரண்டியிலேயே பற்றவைத்து ஊற்றினேன். விளக்கை அணைத்ததும் நீலச் சுடர் புட்டிங்கின் தோளிலிருந்து இறங்கித் தட்டைச் சுற்றி ஓடியது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை.

வெட்டினேன். நின்றது. வெட்டிய முகம் ஈரப்பசையோடு பளபளத்தது, ஒரு திராட்சைகூட உதிரவில்லை. பாட்டி கண்ணை மூடி மென்றார். பிறகு தன் அம்மாவின் அட்டையை எடுத்து, பென்சிலைத் தேடி என் கையில் கொடுத்தார். "ஆப்பிள் பெரிசு. அடுத்த வருஷம் முக்கால் ஆப்பிள் போடு, ஸ்டவுட்டை மாத்தாதே. எழுது." அவருடைய அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே, ஆப்பிள் என்ற வரிக்குப் பக்கத்தில் தமிழில் முக்கால் என்று எழுதினேன்.